காந்தக் கொக்கி வைத்த பிரேஸ்லெட்

செவ்வாய்க்கிழமை காலையில் புஷ்பா கதவைத் திறந்தபோது வாசற்படியில் அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது. இரண்டு பாதியிலும் குங்குமம் அப்பியிருந்தது. நடுவில் அவள் கையால் கோத்த பிரேஸ்லெட் ஒன்று சுருண்டு கிடந்தது. நீல மணி, வெள்ளை மணி, இடையில் தொங்கும் சின்ன மீன். யாருடையது என்று யோசிக்கத் தேவையில்லை. மூன்றாவது வீட்டுச் சுமலதாவின் மகள் லாஸ்யாவுக்காகச் செய்தது.

அவள் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. எலுமிச்சம்பழத்தைவிட அந்தப் பாதிக் குடம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அந்தச் சந்தில் எவளும் பாதிக் குடத்தோடு திரும்பமாட்டாள்.

தெலங்கானாவில் லாலாகுடா ரயில்வே பட்டறையின் பின்சுவரை ஒட்டிப் போகிற சந்து அது. புஷ்பாவின் தாத்தா அரக்கோணத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர். அப்பா ஃபிட்டர். கணவன் மோகன் வெல்டர். மோகன் நெஞ்சு வலியில் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தச் சந்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. மணி கோப்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து, கோத்து, அறுந்து, மறுபடி கோத்துக் கற்றுக்கொண்டாள். பேகம் பஜாரில் எடைக்கு மணி வாங்கிவந்து பிரேஸ்லெட் செய்து விற்றாள். பிறகு சனிக்கிழமைதோறும் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு வீட்டிலேயே வகுப்பு நடத்தினாள். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போகிற பெண்கள்கூட வந்து அவள் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் வருகிறவர்களுக்கு அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். சாதாரண நூலை மணிக்கட்டில் சுற்று. ஒரு விரல் நுழையும் இடம் விட்டு முடிச்சுப் போடு. அதுதான் உன் அளவு. மணி கோக்கிற நூலை அதைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டி, ஒரு முனையில் டேப் ஒட்டு. கோப்பதற்கு முன்னால் மணிகளைத் தட்டில் வரிசையாக வைத்துப் பார், நிறம் ஒத்துவருகிறதா என்று. தொங்கலை மாட்டுகிற கம்பி வளையத்தைப் பக்கவாட்டில் அகட்டாதே, வடிவம் போய்விடும். இரண்டு குறட்டால் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருகு. டேப் ஒட்ட மறக்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்துவாள். “மணி கட்டிலுக்கடியில ஓடிச்சுன்னா நான் பொறுக்க வரமாட்டேன்மா, உம் மாமியாரக் கூப்புடு” என்பாள். பாயில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அளவெடுத்த நூலை அவள் எறியமாட்டாள். முடிச்சோடு அப்படியே, பேர் எழுதின துண்டுக் காகிதத்தைக் கட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். அடுத்த முறை ஃபோனில் சொன்னால் போதும், ஆளே வராமல் கை அளவுக்குச் செய்துவிடலாம். சந்துப் பிள்ளைகள் அத்தனை பேர் கை அளவும் அந்த டப்பாவில் இருந்தது.

லாஸ்யாவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் கையில் எதுவும் போடக்கூடாது. காலையில் கழற்றி மாலையில் அவளே போட்டுக்கொள்ளும்படி ஏதாவது செய்துகொடு என்று சுமலதா கேட்டாள். புஷ்பா காந்தக் கொக்கி வைத்தாள். இரண்டு முனையிலும் சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குள் துவரம்பருப்பு அளவு காந்தம். பக்கத்தில் கொண்டுபோனால் டிக் என்று ஒட்டிக்கொள்ளும். எதிலாவது மாட்டி இழுத்தால் விட்டுவிடும், கையை அறுக்காது. சிறு பிள்ளைக்கு இதைவிடப் பத்திரமானது இல்லை என்றே அவள் நம்பினாள். சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்று எந்தப் பொட்டலத்திலும் அச்சிட்டிருக்கவில்லை. எடைக்கு விற்கிற சாமானில் யார் அச்சிடப்போகிறார்கள்? ஏழை வீட்டுப் பிள்ளை வாயில் எது போகிறது என்பதைப் பற்றிச் செய்கிறவனுக்கும் கவலையில்லை, விற்கிறவனுக்கும் கவலையில்லை.

போன வாரக் கடைசியில் லாஸ்யாவுக்கு வயிற்று வலி வந்தது. தெருமுனை கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். வலி நின்று மறுபடி வந்தது. வாந்தி எடுத்தாள். அவள் அப்பா தியாகு ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி ஒன்றில் மாத்திரை அடைக்கும் மெஷினில் நிற்கிறவன். பகலெல்லாம் ஊருக்கு மருந்து அடைக்கிற அந்த மனிதன் தன் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவில்லை. கோவிந்தராஜனிடம் தூக்கிப்போனான்.

கோவிந்தராஜன் பட்டறை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்வாக்குச் சொல்வார். பிள்ளை யார் கையால் எதை வாங்கியது என்று கேட்டார். சுமலதா பிரேஸ்லெட்டைச் சொன்னாள். பிஸ்கட் டப்பாவையும் சொன்னாள். பிள்ளைகளின் பேர், நூல், முடிச்சு. வேறு என்ன வேண்டும்? பாணாமதி என்றார் அவர்.

சூனியத்துக்குத் தெலங்கானாவில் சொல்கிற பேர் அது. வைத்தவர் பிள்ளையின் வயிற்றில் ஊசியையும் ஆணியையும் கண்ணுக்குத் தெரியாமல் இறக்கிவிடுவார் என்று நம்புகிறார்கள். பாணாமதி வைத்ததாகச் சொல்லி எந்தப் பணக்காரனையும் இதுவரை யாரும் மரத்தில் கட்டியதில்லை. எந்த மாடிவீட்டு வாசலிலும் கும்பல் நின்றதில்லை. விரல் நீள்வதெல்லாம் புருஷன் இல்லாதவள் வீட்டை நோக்கி, கேட்க ஆளில்லாதவள் வீட்டை நோக்கி. பல்லை உடைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். இந்தச் செய்திகளை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்துவைத்தவர்களில் புஷ்பாவும் ஒருத்தி. அவை எங்கோ கிராமத்தில் நடப்பவை என்று நினைத்திருந்தாள்.

வாசலில் கிடந்ததை அவள் கையால் தொடவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு அவளும் பயந்தாள். பட்டறைக் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள், அந்தப் பயம் அவளுக்கும் சேர்த்துத்தான் ஊட்டப்பட்டிருந்தது. உள்ளே போய் நீளமூக்குக் குறட்டை எடுத்துவந்து அதன் நுனியால் பிரேஸ்லெட்டைத் தூக்கினாள்.

தூக்கியதும் ஏதோ சரியில்லை என்று கை உணர்ந்தது. குறடு இரும்பு. கொக்கி பக்கத்தில் வந்தால் தாவி வந்து ஒட்டவேண்டும். ஒட்டவில்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நூல் அறுபடவில்லை, மணி ஒன்றும் குறையவில்லை. இரண்டு முனையிலும் கிண்ணங்கள் காலி. ஒட்டிய பசை மட்டும் உள்ளே மஞ்சளாகக் காய்ந்திருந்தது. வாசலில் விழுந்திருக்கும் என்று மறுபடி கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, குறட்டைப் படி முழுக்கத் தடவினாள். ஒன்றும் ஒட்டவில்லை. சந்தில் யாரோ, பாரு, மந்திரம் போடறா பாரு, என்று சொல்வது கேட்டது. உள்ளே வந்துவிட்டாள்.

அப்புறம்தான் வயிற்று வலியும் காலிக் கிண்ணமும் மனதில் ஒன்றாகச் சேர்ந்தன. வகுப்பில் ஒருமுறை இரண்டு காந்தம் அவள் விரலிடுக்குத் தோலை நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டது. பிரித்தெடுப்பதற்குள் தோல் வெளுத்துச் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. தோலுக்கே இப்படியென்றால் குடலுக்கு?

அவளிடம் படித்தவர்களில் விவரம் தெரிந்தவள் சுபாஸ்ரீ. மதுரைப் பெண், ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறாள், சாஃப்ட்வேர் வேலை. அவளுக்கு ஃபோன் செய்து சொன்னாள். சுபாஸ்ரீ கொஞ்ச நேரம் தேடிப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். காந்தம் ஒன்றென்றால் தானாக வெளியே போய்விடலாம், இரண்டு தனித்தனியாகப் போனால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், குடல் ஓட்டையாகிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று படபடவென்று சொன்னாள். பாணாமதிக் கதையைக் கேட்டதும் அவள் குரல் மாறியது.

“அக்கா, நீங்க அங்க போகாதீங்க. நான் கேப் போட்டுவிடறேன், நம்ம வீட்டுக்கு வந்திருங்க. அவங்களுக்கு நான் ஃபோன்ல சொல்லிக்கிறேன்.”

சுமலதாவின் எண்ணைக் கொடுத்தாள். சுபாஸ்ரீ நான்கைந்து முறை அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. புஷ்பாவின் எண்ணை முந்தின நாளே பிளாக் செய்துவைத்திருந்தார்கள்.

கேப் சந்து முனைக்கு வந்துவிட்டதாக ஃபோன் சத்தமிட்டது. புஷ்பா இரண்டு புடவையைப் பையில் திணித்திருந்தாள். பை தோளில் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாணாமதி வைத்தவள் வயிற்றில் இரும்பை இறக்குவாள் என்று சந்து முழுக்க நம்புகிறது. உங்கள் பிள்ளை வயிற்றில் இரும்பு இருக்கிறது, அது என் கையால் வைத்துக் கொடுத்தது என்று அவளே போய்ச் சொல்லவேண்டும். எந்த நீதிமன்றத்திலும் இதைவிடச் சுத்தமான ஒப்புதல் கிடைக்காது. சொல்லாமல் கேப்பில் ஏறினால் அவள் பிழைப்பாள். லாஸ்யா பிழைக்கமாட்டாள்.

பிரேஸ்லெட்டைக் கையில் எடுத்து, வேறு இரண்டு காந்தத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கதவைப் பூட்டினாள். இடது பக்கம் சந்து முனையில் வெள்ளைக் கேப் நின்றது. அவள் வலது பக்கம் நடந்தாள்.

சுமலதாவின் வீட்டில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. லாஸ்யா பாயில் முழங்காலை மடக்கிச் சுருண்டிருந்தாள். தலைமாட்டில் வேப்பிலை. பிளாஸ்டிக் நாற்காலியில் கோவிந்தராஜன். சுவரோரம் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர். தியாகு எழுந்து வந்து அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றான்.

“கைக்கு? எதுக்கு வந்தே? செஞ்சது போதலியா?”

காலிக் கிண்ணங்கள் தெரியும்படி அவள் பிரேஸ்லெட்டை நீட்டினாள்.

“இதுல ரெண்டு காந்தம் வச்சிருந்தேன். ரெண்டும் இல்ல. லாஸ்யா முழுங்கியிருக்கா.”

கோவிந்தராஜன் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அவ வாயாலயே வந்துடுச்சு. வயித்துல இரும்பு.”

பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது. அவள் சுவரில் மோதினாள். யாருடைய கை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேசமுடியாது என்று தெரிந்தது.

“அடிங்க, நக்கோ, வேணாம்னு சொல்லல” என்றாள். “ஆனா புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்து அடிங்க. எக்ஸ்ரே எடுத்தா தெரியும். அதுல காந்தம் இல்லன்னா, நான் எங்கயும் ஓடமாட்டேன்.”

வாக்குச் சொன்னவர் எவரும் இதுவரை இப்படியொரு பந்தயம் கட்டியதில்லை. தன் சொல் பொய்யானால் என்ன ஆகும் என்று கோவிந்தராஜனை யாரும் கேட்டதும் இல்லை.

சுமலதா அதுவரை பாயைவிட்டு எழவில்லை. பட்டறைக் குடும்பத்துப் பெண்தான் அவளும். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டைக்கு உருது. அன்றைக்கு மூன்றில் எதிலும் அவளுக்குச் சத்தம் வரவில்லை. முழுங்கினா என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். புஷ்பா முந்தானை முடிச்சிலிருந்து வேறு இரண்டு காந்தத்தை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கும் தோலின் இரண்டு பக்கமும் வைத்தாள். டிக். தோல் வெளுத்தது. கையை ஆட்டிக் காட்டினாள், விழவில்லை.

“உள்ள குடலும் இப்டித்தான் மாட்டிக்கும், சுமா.”

சுமலதா பிள்ளையின் பக்கம் குனிந்து கேட்டாள். லாஸ்யா அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கென்று புஷ்பாவுக்குப் புரிந்தது. அந்த அறையில் அவளைப் போலவே பயந்திருந்த இன்னொரு ஜீவன் அதுதான். புஷ்பா தரையில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன்ன அடிக்கமாட்டாங்கடா கண்ணு. அடிச்சா என்னைத்தான் அடிப்பாங்க. சொல்லு.”

லாஸ்யா நாக்கை நீட்டினாள். மேலே தொட்டாள், கீழே தொட்டாள்.

“பைன ஒகட்டி, கிந்த ஒகட்டி,” என்றாள் தெலுங்கில். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஃபோனில் ஒரு வீடியோவில் நாக்கில் கம்மல் குத்தின அக்கா வந்தாள், அதுமாதிரி. இவளும் காந்தத்தைப் பல்லால் கடித்துக் கிண்ணத்திலிருந்து எடுத்தாள். தும்மல் வந்தது. அப்புறம் உதடு கோணி அழத் தொடங்கினாள். “மிங்கேசின, மம்மி.” விழுங்கிவிட்டேன்.

சுமலதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கோவிந்தராஜன் நாற்காலியைவிட்டு எழாமல் சொன்னார், எமகண்டம் நடக்கிறது, பத்தரை தாண்டட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று. தியாகு நின்றுவிட்டான். ஆம், நின்றான். மகள் தன் வாயால் சொன்ன பிறகும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஆட்டோ கூப்புடு,” என்றாள் சுமலதா. “இல்லன்னா நகரு.”

அவன் ஓடினான். ஆட்டோ வந்ததும் புஷ்பாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீ திரும்பி வரமாட்டாய் என்று அவள் காதருகில் சொன்னான். லாஸ்யாவின் தலை அம்மா மடியில், கால் புஷ்பா மடியில். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிள்ளை முனகியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போனால்? காந்தம் எங்கோ கட்டிலடியில் கிடந்து, பிள்ளை பயத்தில் எதையாவது சொல்லியிருந்தால்? வழி முழுக்க அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அவள் விரும்பியது என்னவென்று நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. அந்தப் பிள்ளையின் வயிற்றில் காந்தம் இருக்கவேண்டும் என்று விரும்பினாள்.

இருந்தது. படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, நடுவில் மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளிதான் குடல் என்று டாக்டர் காட்டினார். காந்தம் என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். தியாகு புஷ்பாவைக் காட்டினான். போலீசைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்து அவள் தூணோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் தலையசைத்துவிட்டுச் சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொன்னார். குடலில் இரண்டு இடம் ஓட்டையாகியிருந்தது. தைத்தார்கள். லாஸ்யா பிழைத்தாள்.

இங்கே முடித்தால் நல்ல கதை. சந்து அப்படி முடிக்கவில்லை. வயிற்றில் இரும்பு இருக்கிறது என்று கோவிந்தராஜன் சொன்னார், படத்தில் இரும்பு தெரிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அவள் வந்து சொன்ன பிறகுதான் அவர் சொன்னார் என்பதை அந்த அறையில் நின்றவர்களே மறந்தார்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெருத்தது. பயந்துபோய் வைத்ததைத் தானே எடுத்துவிட்டாள் என்று புஷ்பாவைப் பற்றி ஒரு பேச்சு. சுமலதா மட்டும் குழாயடியில் நின்று, எம் புள்ளய காப்பாத்துனது அவதான் என்று ஒவ்வொருத்தியிடமும் சண்டை போட்டாள். உருதுவில்.

புஷ்பா மிச்சமிருந்த காந்தக் கொக்கிகளையெல்லாம் குப்பையில் போடவில்லை, வேறு பிள்ளை எடுத்துவிடும். பழைய மருந்து பாட்டிலில் போட்டு மூடினாள். பிறகு அதே கொக்கி வைத்து விற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். திருப்பிக் கொடுங்கள், சாதாரண நூலில் மாற்றித் தருகிறேன் என்றாள். சில கதவுகள் திறந்தன, சில திறக்கவில்லை. ஒரு வீட்டு மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கோவிந்தராஜன் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. அவர் பேத்தி பிரசன்னாவுக்கும் பிறந்தநாளைக்கு அவள் ஒன்று செய்துகொடுத்திருந்தாள். போகத் தைரியம் வரவில்லை.

மே மாதத்து மத்தியானம், சந்தே உறங்கும் நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஆண் கையின் தட்டல். சமையற்கட்டிலிருந்த அரிவாள்மணையைப் பார்த்தாள், அதை எடுக்கவும் பயந்தாள். மறுபடி தட்டியது. தாழை நீக்காமல் ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். கோவிந்தராஜன் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் பேத்தி.

“பிரசன்னா வயிறு வலிக்குதுங்கறா,” என்றார். மூடிய உள்ளங்கையைத் திறந்து பிரேஸ்லெட்டைக் காட்டினார். “இதுல ரெண்டும் இருக்கான்னு பாரும்மா. என் கண்ணுக்குச் சரியாத் தெரியல.”

அவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. அவளும் திறக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக வாங்கி, குறட்டைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு முனை தாவி வந்து ஒட்டியது. மறு முனையும் ஒட்டியது. ரெண்டும் இருக்கு என்றாள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

“எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்க சார்.”

“ஆட்டோ முனையில நிக்குது,” என்றார் அவர்.

புஷ்பா கொக்கியை வெட்டி எடுத்துவிட்டு, வெறும் நூலும் மணியுமாக அதைத் திருப்பி நீட்டினாள். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

“ஞாயித்துக்கெழம உங்ககிட்ட வர்றவங்களுக்கும் இதையே சொல்லுங்க சார். முதல்ல ஆட்டோ கூப்புடச் சொல்லுங்க.”

அவர் பிரேஸ்லெட்டை வாங்கிக்கொண்டார். யாராவது பார்க்கிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வேகமாக நடந்தார்.

அந்த ஞாயிறும் அவர் வாக்குச் சொன்னார். சுமலதா அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, பிள்ளையைத் தூக்கிவந்த ஒருத்தியை மறித்து ஆட்டோவில் ஏற்றினாள் என்று புஷ்பா கேள்விப்பட்டாள். வெளியே போய்ப் பார்க்கவில்லை. இரண்டு தாழையும் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை வருவதாகச் சொன்ன இரண்டு பேருக்காக மணிகளைத் தட்டில் நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.